வேறு நிறச் சட்டை

காவிரிப் பாலத்தில் அன்று காலை ஸ்கூட்டி பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. என் விரல்கள்தான் மடங்கவில்லை.

மணி ஐந்தே முக்கால் இருக்கும். ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற டவுன் பஸ் ஒன்று யாரையோ ஏற்றிக்கொள்ள நின்றது. இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தப் போனேன். விரல்கள் எல்லாம் விறைத்தபடியே நின்றன. இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்து, பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டியை நிறுத்தினேன். ஷூவின் அடிப்பாகம் கிழிந்து தொங்கியது. பஸ்ஸின் பின்சீட்டில் இருந்த ஒரு பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாலிபால்தான் என் வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் என்னை எடுத்திருந்தார்கள். அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசை இருந்தாலும், சம்பளம் மைதானத்துக்காகத்தான். அணியில் நான் செட்டர். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பந்தை எங்கள் ஆள் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். அதை நான் பத்து விரல் நுனியாலும் வாங்கி, அடிக்கிறவளுக்கு எந்த உயரத்தில் வேண்டுமோ அந்த உயரத்தில் தூக்கி வைப்பேன். அடிக்கிறவளுக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை. என் விரலிலிருந்து பந்து சத்தமில்லாமல் கிளம்பும். அந்தச் சத்தமின்மைதான் என் பெருமை.

அந்த விரல்கள் ஆறு மாதமாகவே காலையில் வீங்கத் தொடங்கியிருந்தன. பந்து பட்டுப் பிசகியிருக்கும் என்று நினைத்தேன். வாலிபால் ஆடுகிறவர்களுக்கு விரல் பிசகாத மாதம் கிடையாது. வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டு ஆடினேன். ஒரு விரலில் ஆரம்பித்த டேப் ஆறு விரலுக்கு வந்தது. எட்டு மணிக்கு மேல் விரல்கள் இளகிவிடும் என்பதால் மாலைப் பயிற்சியில் யாருக்கும் தெரியாது. காலையில்தான் மாட்டிக்கொள்வேன்.

பாலத்தில் நடந்ததை வீட்டில் சொன்னபோதும் பிரேக் மேல்தான் பழி போட்டேன். அப்பா அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். பிரேக் பிடியை வளைத்து, கைப்பிடிக்கு நெருக்கமாக வருகிற மாதிரி மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். பாதி மடங்கிய விரலாலும் பிடிக்கலாம். நான் அதை அழுத்திப் பார்ப்பதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா சத்திரம் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தாள். இருபது வருடமாக அதே கடை. என் கையைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டு, மூட்டு வலிக்குப் பொட்டலம் கொடுக்கிற ஒருவரின் விலாசத்தை வாங்கி வந்தாள். ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். நாங்கள் இருவரும் போனோம். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காகிதத்தில் மடித்த மாத்திரைகளைக் கொடுத்தார். பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

மூன்றாம் நாள் காலை எழுந்தபோது என் கை முழுதாக மூடித் திறந்தது. படுக்கையில் உட்கார்ந்து பத்து இருபது தடவை மூடித் திறந்து பார்த்தேன். அன்று மைதானத்தில் நான் தூக்கிக் கொடுத்த பந்துகளை எங்கள் கேப்டன் அடித்த அடி இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாரம் தேசியப் போட்டிக்கான முகாம் தொடங்கியது. போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

முகாமில் கேப்டனும் நானும் ஒரே அறை. என்னைவிட நாலு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பத்தாம் நாள் காலை நான் பொட்டலத்தைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு என்ன மாத்திரை என்று கேட்டார். கை வலிக்கு என்றேன். பெயர் கேட்டார். தெரியாது என்றேன். என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேர் தெரியாத மாத்திரையைப் போட்டுக்கிட்டு நீ கோர்ட்டுல இறங்கக் கூடாது. நாளைக்கு ஊக்கமருந்து டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டா என்ன சொல்லுவ?"

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு நல்ல பந்து வருகிறதல்லவா, அது போதாதா என்று கூடக் கேட்டுவிட்டேன். அன்று மாலைப் பயிற்சி முடிந்ததும் அவர் தன் பைக்கை எடுத்து வந்து, ஏறு என்றார். தில்லை நகரில் மூட்டு நோய்க்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் ஏற்கெனவே நேரம் வாங்கி வைத்திருந்தார்.

டாக்டர் என் கையை மட்டும் பார்க்கவில்லை. மணிக்கட்டு, முழங்கை, கால் விரல் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். இரண்டு மணி நேரம் என்றேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நாலு நாள் கழித்து அறிக்கையோடு போனபோது அம்மாவும் வந்தாள்.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம். அந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டதும் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாமல் என் மூட்டுகளையே தாக்குகிறது என்று டாக்டர் சொன்னார். இது பந்து பட்டதால் வந்ததில்லை, யார் தவறும் இல்லை என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டேன்.

"சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். அடங்கி இருக்கும்னு சொல்லுவேன். ரெண்டும் வேற வேற. அடங்க வெச்சுட்டா நீங்க நல்லாவே இருக்கலாம்."

பிறகு அந்தப் பொட்டலத்தைக் கேட்டார். மீதி ஏழு பொட்டலங்கள் என் பையில் இருந்தன. மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும், எவ்வளவு இருக்கிறது என்பது கொடுத்தவருக்கே தெரியாது என்றார். இந்த நோய்க்குத் தானும் கொஞ்ச நாளைக்கு அதைத்தான் தரப்போவதாகவும், ஆனால் அளவோடு தந்து அளவோடு நிறுத்துவதாகவும் சொன்னார். முக்கியமான மாத்திரை வேறு. அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கைக்கு ஓய்வு. ஸ்டீராய்டு போட்டியின்போது தடை செய்யப்பட்டது என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே அனுமதி வாங்க வழி இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் அனுமதி கிடைத்தாலும் இந்தக் கையோடு ஆடினால் மூட்டு கெட்டுவிடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகப் பேசினாள். யாரிடமும் சொல்ல வேண்டாம், மூட்டு பிசகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். வேலை போய்விடும் என்று பயந்தாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அந்தச் சொல் வெளியே போனால் யார் வருவார்கள் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அதே பயம்தான். அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் இருந்தது. ஏழு பொட்டலம் கையில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் என் விரல் மடங்கும், தேசியப் போட்டியில் ஆடிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் சோதனை எடுப்பார்களா, மாட்டார்களா, யாருக்குத் தெரியும்? பாலத்தைத் தாண்டி வீடு வரும்வரை இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

மறுநாள் காலை முகாமில் வரிசையாக நிற்கும்போது, பயிற்சியாளர் சாரிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், பெயர் தெரியாத மாத்திரையைப் பத்து நாளுக்கு மேல் சாப்பிட்டதையும் சொன்னேன், இந்தப் போட்டிக்கு நான் வரவில்லை என்றும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. சார் எழுதிக் கொடு என்றார். கேப்டன் அக்கா தான் எழுதித் தருவதாகப் பேனாவை எடுத்தார். நான் வாங்கி நானே எழுதினேன். அரைப் பக்கக் கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆனது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அன்று மாலையே ஏழு பொட்டலத்தையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் வாங்கிய பதக்கங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும்விட அந்தக் கோணல் கடிதம்தான் எனக்குப் பெரிது.

அணி நான் இல்லாமல் போனது. இரண்டாவது செட்டராக இருந்த பெண் என் இடத்தில் ஆடினாள். செல்போனில் ஆட்டத்தைப் பார்த்தேன். அவள் நன்றாக ஆடினாள். அவள் ஒரு பந்தைத் தவறவிட்டபோது என் மனம் ஒரு கணம் சந்தோஷப்பட்டது. உடனே வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்குப் போன் செய்து, இடது பக்கம் தூக்கும்போது கால் தாமதமாகிறது என்று சொன்னேன். அவள் தேங்க்ஸ் சொல்லிவிட்டு அழுதாள். ஏன் அழுதாள் என்று கேட்கவில்லை.

டாக்டர் தந்த முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டால் ஆபத்து என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும். தாளிக்கிற வாசனை வந்தாலே வாசலுக்குப் போய்விடுவேன். அம்மா திங்கட்கிழமைகளில் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். அப்பாவும் அதையே சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். சீப்பில் முடி கொத்தாக வந்தது. அலுவலகத்தில் முதன்முறையாக மேசை முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டேன்.

நாலாவது மாதம் விறைப்பு இரண்டு மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு வந்தது. ஸ்டீராய்டை டாக்டர் படிப்படியாகக் குறைத்து முழுதாக நிறுத்திவிட்டார். மெதுவாக ஆட ஆரம்பிக்கலாம் என்றார். நான் மைதானத்துக்குப் போனேன். முதல் பந்தைத் தூக்கினேன். அது சுழன்றுகொண்டே போனது. செட்டர் தூக்கும் பந்து சுழலக் கூடாது. சுழன்றால் விரல்கள் ஒரே நேரத்தில் தொடவில்லை என்று அர்த்தம். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் லேசாகக் கோணியிருந்தன. ஒரு வாரம் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு பத்துப் பந்திலும் நாலு சுழன்றது. இனி செட்டராக ஆட முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஓரத்தில் உட்கார்ந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், எங்கள் தோல்விகள் எங்கே தொடங்குகின்றன என்பது கண்ணில் பட்டது. நல்ல செட்டர் இருந்தாள், நல்ல அடி இருந்தது. எதிரணி வேகமாகப் போடும் பந்தை முதலில் எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் சரியில்லை. அந்த வேலைக்கென்றே ஒருத்தி உண்டு. லிபெரோ என்பார்கள். பின்வரிசையில் மட்டும் நிற்பாள், அடிக்க மாட்டாள், வலைக்கு மேல் குதிக்க மாட்டாள். தரையில் விழப்போகும் பந்தை எழுப்புவதுதான் அவள் வேலை. மற்றவர்களிலிருந்து வித்தியாசம் தெரிய வேண்டும் என்று அவளுக்கு மட்டும் வேறு நிறச் சட்டை. அவள் பந்தைப் பெரும்பாலும் விரலால் தொடுவதில்லை. முன்கையால் வாங்குகிறாள்.

சாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. இருபத்தேழு வயதில் புது இடமா, லிபெரோவுக்குத் தரையில் விழுந்து புரள வேண்டுமே என்றார். அடுத்த சீசன் தேர்வுக்கு எல்லோரையும் போல வந்து நில், தேறினால் எடுக்கிறேன் என்றார். சலுகை கேட்காதே என்பதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. டாக்டர் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை போட்டுக்கொள்ளச் சொல்லி, வீங்கினால் அன்றே நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பினார்.

தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. மாலையில் அணியோடு பயிற்சி உண்டு. அது போதாது, எனக்கு யாராவது நூற்றுக்கணக்கில் பந்து எறிய வேண்டும். அம்மா தான் எறிவதாகச் சொன்னாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாலிபாலைக் கையில் தொட்டது கிடையாது. காலையில் அவள் போட்டுத் தரும் வெந்நீரில் கையை வைத்து விரல்களை இளக்கிக்கொண்டு, ஏழரைக்குக் கொள்ளிடக் கரைப்பக்கம் இருக்கும் காலியிடத்துக்குப் போவோம். ஒன்பதரைக்கு அவள் கடைக்குக் கிளம்ப வேண்டும்.

முதல் வாரம் பந்து என் பக்கமே வரவில்லை. இரண்டாவது வாரம் அவளுக்கு ஒன்று புரிந்தது. ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் முன்னால் சேலையை விரித்துப் போடுகிற ஒரு வீச்சு உண்டு. முழங்கையை ஒட்டி வைத்து மணிக்கட்டை மட்டும் சொடுக்கினால், ஆறு கெஜமும் விரிந்து விழும். பந்தையும் அப்படியே சொடுக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு எனக்கு மூச்சு வாங்கியது. நேரே பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் எறிவாள். நான் வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் எறிவாள். ஒரு நாள் நான் மூன்று பந்தைத் தொடர்ந்து விட்டுவிட்டு மண்ணில் கிடந்தபோது, எழுந்திரு என்றுகூடச் சொல்லாமல் நாலாவதை எறிந்தாள். படுத்த வாக்கில் முன்கையை நீட்டி அதை எழுப்பினேன். பந்து நேராக அவள் கைக்கே போனது. அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோய் தெரிந்த நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எல்லா நாளும் அப்படி இல்லை. நடுவில் இரண்டு வாரம் முழங்கால் வீங்கி நடக்கவே முடியவில்லை. டாக்டர் மருந்தைக் கூட்டினார். அம்மா காலையில் பந்தை எடுத்துக்கொண்டு வந்து என் கட்டிலருகே வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். நான் அதைத் தொடவே மாட்டேன். பதினாறாவது நாள்தான் திரும்பக் கரைக்குப் போனோம்.

தேர்வுக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். சார் ஒவ்வொருவருக்கும் ஐம்பது பந்து அடிக்கச் செய்தார். அடித்தது கேப்டன் அக்கா. எனக்கு அடிக்கும்போது கொஞ்சம் மெதுவாக அடிப்பாரோ என்று ஒரு பயம் இருந்தது. முதல் பந்து என் தோளில் பட்டுத் தெறித்ததில் அந்தப் பயம் போய்விட்டது. அணிப் பட்டியல் மூன்று நாள் கழித்து வந்தது. கடைசிப் பெயராக என் பெயர் இருந்தது.

அந்த வருடம் மாநிலப் போட்டி எங்கள் திருச்சியிலேயே நடந்தது. அம்மா கடையில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பா பட்டறையிலிருந்து நேராக, எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்து, அவள் பக்கத்தில் உட்காராமல் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார். என் ஆட்டத்துக்கு வந்தால் எப்போதும் தனியாகத்தான் உட்காருவார். அணி முழுவதும் நீலத்தில் நிற்க, நான் மட்டும் மஞ்சள் சட்டை போட்டு இறங்கினேன்.

அரையிறுதியில் எதிரணிக்கு என்னை நன்றாகத் தெரியும். செட்டராகப் பல வருடம் என்னோடு மோதியவர்கள். முதல் செட்டில் வேண்டுமென்றே எனக்கே பந்து போட்டார்கள். நோய்க்காரி, உடைந்துவிடுவாள் என்று நினைத்திருக்கலாம். நான் கால்களைத் தாழ்த்தி நின்றேன். முதல் பந்து முன்கையில் பட்டு, எங்கள் செட்டரின் தலைக்கு மேல் அவள் நகர வேண்டிய தேவையே இல்லாமல் போய் நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்து ஓரக்கோட்டுக்குப் போனது. பாய்ந்து ஒரு கையால் எழுப்பினேன். செட்டர் தூக்கினாள், கேப்டன் அக்கா அடித்தார். புள்ளி எங்களுக்கு. நான் தரையிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்காலில் தோல் உரிந்திருந்தது. எந்த விரலும் வலிக்கவில்லை.

இரண்டாவது செட் நடுவில் எதிரணி இடைவேளை கேட்டது. அவர்கள் வலைக்குப் பக்கத்திலேயே கூடினார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

"மஞ்சச் சட்டை பக்கம் போடாதீங்க. அது எல்லாத்தையும் எடுத்துடுது. வேற எங்கேயாவது போடுங்க."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை. அதை என்னைப் பாராட்டுவதற்காக அவர் சொல்லவில்லை என்பதால்தான் பெரியது. அரையிறுதியை வென்றோம். இறுதிப் போட்டியில் ஐந்தாவது செட் வரை போய்த் தோற்றோம். தோற்ற பிறகு அணி முழுக்க உட்கார்ந்து அழுதது, நானும் அழுதேன். ஆனால் என் அழுகை மற்றவர்களுடையது போல இல்லை என்று எனக்குத் தெரியும். கேப்டன் அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

அது முடிந்து ஒரு வாரம் இருக்கும். அம்மாவைக் கூட்டிவரக் கடைக்குப் போயிருந்தேன். சேலை பார்க்க வந்த யாரோ என்னைப் பார்த்து, உங்கள் மகளா என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா கையிலிருந்த சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமாங்க. என் பொண்ணுக்கு முடக்குவாதம். தமிழ்நாடு பூரா வாலிபால் ஆடுறா."

இரண்டையும் ஒரே மூச்சில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். பக்கத்துப் பிரிவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சு அதற்குள் இரண்டு இடத்தில் இந்த நோயால் நின்று போயிருந்தது. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் சொன்னாள்.

நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். இது என் நாலாவது லிபெரோ சீசன். நோய் போகவில்லை, டாக்டர் சொன்ன மாதிரி அடங்கி இருக்கிறது, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை தலை தூக்குகிறது. அப்போது உட்கார்ந்துவிட்டு, அடங்கியதும் எழுந்து போகிறேன். போன மாதம் அணிக்குப் புதிதாக வந்த பெண்ணொருத்தி, மேட்சுக்கு முன்னால் நான் மணிக்கட்டில் பட்டை கட்டுவதைப் பார்த்துவிட்டு, அடிபட்டுவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, நோயின் பெயரைச் சொன்னேன். அவள் கொஞ்சம் திகைத்து நின்றாள். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். நாங்கள் இருவரும் கோர்ட்டுக்கு ஓடினோம்.